உயில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த தை மாதக் கடைசியில் என் கணவர் காலமானார். காரியங்கள் முடிந்த கையோடு அவருடைய ஃபைலை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்த தம்பி இறப்புச் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “ப்ரொபேட் வாங்கிட்டு வாங்கம்மா, சென்னையில அது கட்டாயம்” என்றார். ப்ரொபேட் என்றால், உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று.

அது எங்கள் இருவர் பெயரிலும் உள்ள கணக்கு. இருவரில் ஒருவரோ, உயிரோடு இருப்பவரோ பணம் எடுக்கலாம் என்று தொடங்கும்போதே எழுதிக் கொடுத்திருந்தோம். உயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை மேலாளரிடம் சொல்லிப் புரியவைக்க மூன்று நடை, முழங்கால் வலியோடு.

உயில் இருப்பது மந்தைவெளி ஃபிளாட்டுக்கு மட்டும்தான். என் கணவரே கைப்பட எழுதியது, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கிறார்கள். பதிவு செய்யவில்லை, செய்யாவிட்டாலும் செல்லும். இதற்காவது ப்ரொபேட் வேண்டும் என்று என் மைத்துனர் அடித்துச் சொன்னார். 2025 டிசம்பர் வரை அவர் சொன்னது சரிதான். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 213-ஆம் பிரிவுப்படி, சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களில் இந்துக்கள் எழுதிய உயிலை ப்ரொபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் காட்டி உரிமை கேட்க முடியாமல் இருந்தது. கோயம்புத்தூரிலேயே உயில் எழுதி, அங்கேயே வீடும் வைத்திருந்த என் தங்கை கணவர் விஷயத்தில் இந்தப் பேச்சே எழவில்லை. எங்கள் எதிர்வீட்டுக் கிறிஸ்தவ அம்மாவுக்கும் 2002-லிருந்தே விலக்கு இருந்தது. ஒரே மாடிப்படி, இரண்டு சட்டம்!

அந்தப் பிரிவையே 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. உயிலை யாராவது மறுத்தால், அல்லது நாமே விரும்பினால், நீதிமன்றத்துக்குப் போகலாம். என் பிள்ளைகள் மறுக்கவில்லை.

உயிலில் சேராத சொத்துக்கு ப்ரொபேட் என்ற பேச்சே கிடையாது. அதற்கு வாரிசுச் சான்றிதழ்தான் முதலில் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்திருக்கிறேன். பிள்ளைகளோடு எண்பத்தொன்பது வயது மாமியார் பெயரும் அதில் உண்டு. மகன் சொத்தில் தாய்க்கும் சமபங்கு. இதை எனக்குச் சொன்னது எந்தக் கவுன்டரும் அல்ல, பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர்.

கூட்டுக் கணக்கா, நாமினி உண்டா, உயில் உண்டா என்ற மூன்று கேள்வியைத் தமிழில் எழுதி வங்கிக் கிளைகளிலும் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் ஒட்டச் சொல்லி உங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மந்தைவெளி, சென்னை – 28