கண்ணாடிக்குள் எதுவும் நகராதாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'கண்ணாடிக்குள் எல்லாத் துகள்களும் உறைந்து நிற்கின்றன. எதுவும் நகராது' என்று சென்ற வார மாணவர் இணைப்பில் ஒரு வரி. பெட்டி கட்டி, தடித்த எழுத்தில் வேறு. அருமை.

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கரைசலின் அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மீட்டரின் எலக்ட்ரோடைக் கழுவிக் கழுவியே பாதி ஆயுள் போயிற்று. கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனி, அதாவது மின்னேற்றம் பெற்ற அணு, எலக்ட்ரோடு நுனியின் கண்ணாடிக் குமிழ் மேற்பரப்போடு நின்றுவிடும்; குமிழின் சுவருக்குள்ளே மின்னேற்றத்தைச் சுமப்பது சோடியம் அயனியோ லித்தியம் அயனியோதான். எதுவும் நகராது என்றால், இத்தனை காலம் எதைப் பார்த்து நோட்டில் குறித்தேன் என்று தங்கள் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

ஜெர்மன் இயற்பியலாளர் எமில் வார்பர்க் 1884-லேயே காட்டிவிட்ட சங்கதி இது. சூடாக்கிய கண்ணாடியின் ஒரு பக்கம் சோடியம் கலந்த பாதரசம், மறுபக்கம் வெறும் பாதரசம். மின்சாரம் பாய்ச்சியதும் சோடியம் கண்ணாடி வழியாகவே மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. சிலிக்கனும் ஆக்சிஜனும் பின்னிய கட்டுமானம் அப்படியே நிற்கிறது, சரி. அதன் ஒழுங்கற்ற இடுக்குகளில் அயனிகள் தாவிக்கொண்டே இருக்கின்றன. மின்புலம் இல்லாவிட்டால் எந்தப் பக்கமும் தாவும். இருந்தால் மொத்தத்தில் ஒரு திசைக்குச் சாயும். ஒன்றையொன்று தள்ளும் கூட்டம் அது. பக்கத்து அயனி நகர்ந்தால்தான் பல சமயம் வழி. சோடியத்தில் பாதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியத்தைச் சேர்த்தால் வேடிக்கை இன்னும் அதிகம். இரண்டுமே நகரக்கூடியவைதான், ஆனாலும் மின்கடத்தல் ஆயிரக்கணக்கான மடங்குகூடச் சரிந்துவிடும்! இதை எழுதியிருந்தால் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்திருப்பார்களே.

தேவாலயச் சன்னல் கண்ணாடி நூற்றாண்டுக் கணக்கில் வழிந்து அடிப்பக்கம் தடித்துவிட்டது என்று முன்பு எழுதியதும் இதே இணைப்புதான். அந்தக் காலத்தில் ஊதிச் சுழற்றித் தட்டையாக்கிய கண்ணாடி, செய்தபோதே தடிமன் சீராக இருக்காது என்று கடிதம் போட்டேன். வெளியிடவில்லை. அன்று வழிந்த கண்ணாடி இன்று உறைந்துவிட்டது போலும். ராசிபலனில் கும்பமும் மீனமும் இடம் மாறியபோது மட்டும் மறுநாளே முதல் பக்கத்தில் வருத்தம் தெரிவித்தீர்கள். அப்புறம், முழுப் பக்கமாக இருந்த அறிவியல் பகுதி அரைப் பக்கமாகி, மீதியில் பயிற்சி மைய விளம்பரம் வருவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்தப் பெட்டியை என் பேத்தி வெட்டி நோட்டில் ஒட்டிவிட்டாள். ஒரு வரித் திருத்தம் போதும். அதே அளவுப் பெட்டியில் போட்டால், பழையதன் மேலேயே ஒட்டிக்கொள்ள வசதி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
திருச்சி