புட்டியைத் திருப்பிப் பார்

அன்பு மகன் கதிருக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய மூன்று சத்து மாத்திரைப் புட்டிகளின் படங்களையும் பெரிதாக்கி, ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டேன். இவற்றைச் சாப்பிடலாமா வேண்டாமா என்று ஒரு வரியில் சொல்லும்படி கேட்டிருந்தாய். ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். வேலைக்காலம் முழுவதையும் மருந்துத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுக் கூடத்தில் கழித்தவளிடம் கேட்டுவிட்டுச் சுருக்கமான பதிலை எதிர்பார்த்தது உன் பிழை.

இவை மருந்துக் கடையில், மருந்துகளுக்குப் பக்கத்து அடுக்கில், மருந்தைப் போலவே மாத்திரையாகவும் கேப்சூலாகவும் இருக்கின்றன. ஆகவே மருந்துக்கு நடக்கும் சோதனைகள் இவற்றுக்கும் நடந்திருக்கும் என்று நீ எண்ணியிருப்பது உன் கேள்வியிலிருந்தே தெரிகிறது. நீ இருக்கும் அமெரிக்காவில் 1994 அக்டோபரில் இயற்றப்பட்ட சட்டப்படி, சத்து மாத்திரைகள் உணவின் ஒரு வகை. மருந்தில் சேர்த்தி இல்லை. ஒரு புதிய மருந்தை விற்க வேண்டுமானால், அது பாதுகாப்பானது என்பதையும் சொன்ன நோய்க்குப் பயன் தருகிறது என்பதையும் நிறுவனம் முதலில் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.விடம் மெய்ப்பித்து, அனுமதி பெற்றாக வேண்டும். சத்து மாத்திரைக்கு அப்படி ஒரு வாசலே கிடையாது. பாதுகாப்புக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. கடைக்கு வந்தபின் அதனால் தீங்கு என்று தெரிந்தால், அதை மெய்ப்பிக்கும் சுமை அரசின் தலையில் விழுகிறது. 1994 அக்டோபர் 15க்கு முன் அந்நாட்டுச் சந்தையில் இல்லாத புதிய சேர்மானம் ஏதேனும் இருந்தால், பொதுவாக விற்பனைக்கு 75 நாள் முன்னதாக எஃப்.டி.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். அதுவும் அறிவிப்பே தவிர, அனுமதி அன்று.

அந்தச் சுமை எவ்வளவு கனமானது என்பதற்கு எபிட்ரா ஒன்றே போதும். உடல் எடையைக் குறைக்கவும் விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கம் தரவும் என்று விற்கப்பட்ட அந்த மூலிகை, இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றிவிடக்கூடியது. மாரடைப்பு, பக்கவாதம் என்று புகார்கள் 1990களிலேயே குவியத் தொடங்கிவிட்டன. 2003 பிப்ரவரியில் பால்டிமோர் பேஸ்பால் அணியின் இளம் பந்துவீச்சாளர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியின்போது வெப்பத்தாக்கில் மயங்கி விழுந்து மறுநாள் இறந்தார். அவர் உட்கொண்ட எபிட்ராவும் ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி கூறினார். தடை 2004இல்தான் வந்தது. கடைசியில் தடை செய்துவிட்டார்களே என்று சிலர் நிறைவடையலாம். என் கண்ணில் படுவது இடையில் போன ஆண்டுகள்.

எல்லா நாடுகளிலும் இதே முறை என்று நினைத்துவிடாதே. கனடாவில் விற்பனைக்கு முன்பே உரிமம் பெற்று, எட்டு இலக்க எண்ணைப் புட்டியில் அச்சிட வேண்டும். ஆஸ்திரேலியாவில், தயாரிப்பாளரின் உறுதிமொழியை ஏற்றுப் பட்டியலில் சேர்க்கப்பட்டவற்றுக்கு ஒரு குறியீடு, அரசு தானே மதிப்பிட்டுப் பதிவு செய்தவற்றுக்கு வேறொரு குறியீடு. இந்தியாவில் 2016இல் அறிவிக்கப்பட்டு 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறைகளின்படி, மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்ற வாசகம் மேலட்டையில் தெளிவாக இருக்க வேண்டும். நீ வாங்கியவை அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆகவே அந்தச் சட்டத்தோடு நிற்கிறேன்.

அங்கே கட்டுப்பாடே இல்லை என்று சிலர் எழுதுவது சரியன்று. 2007இல் வெளியான தயாரிப்பு விதிகளின்படி, ஒவ்வொரு சத்துப் பொருளும் இன்னதுதான் என்று சோதித்து உறுதிசெய்த பிறகே சேர்க்க வேண்டும். தூய்மை, வீரியம், கலந்திருக்கக் கூடாத மாசுகளின் உச்ச அளவு ஆகியவற்றுக்கு வரையறை வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த வரையறையை எழுதுவது நிறுவனமேதான். தன் தாளைத் தானே திருத்திக்கொள்ளும் மாணவன் நேர்மையானவனாகவும் இருக்கலாம் என்பது உண்மை. ஆனாலும் வேறொருவர் திருத்திய தாள் இருந்தால் அதைத்தானே நாம் கேட்டு வாங்குவோம்?

இனி உன் புட்டிகளுக்கு வருகிறேன். முடி கொட்டுகிறது என்று நீ வாங்கிய பயோட்டின் என்ற வைட்டமின் புட்டியின் முன்பக்கத்தில் 5,000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முன்பக்கம் விளம்பரக்காரன் எழுதுவது. புட்டியைத் திருப்பினால் தெரியும் கறுப்புக் கோடு போட்ட கட்டம்தான் சட்டம் எழுத வைப்பது. அந்தக் கட்டத்தில் 5,000 மைக்ரோகிராம் என்பதற்கு நேராக 16,667 விழுக்காடு என்று இருப்பதைக் கவனித்தாயா? ஒரு நாளைய தேவையாக அங்கே கணக்கில் கொள்ளப்படுவது 30 மைக்ரோகிராம்தான். நீ விழுங்குவது அதைப்போல் 166 மடங்குக்கும் மேல். பயோட்டின் குறைபாடு என்பதே அரிது, மிகுதியானது சிறுநீரோடு போய்விடும் என்பதால் பெரும்பாலும் பணநட்டத்தோடு முடிந்துவிடும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பல இரத்தப் பரிசோதனை முறைகளே பயோட்டினைப் பயன்படுத்தி இயங்குகின்றன. உடலில் அது மிகுந்திருந்தால் தைராய்டு முடிவுகள் தவறாக வரலாம், மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் அளவு உண்மையைவிடக் குறைவாகவும் வரலாம். எஃப்.டி.ஏ. இதைப் பற்றி 2017இல் எச்சரித்தபோது, அப்படித் தவறிய ஒரு முடிவோடு தொடர்புடைய மரணத்தையும் குறிப்பிட்டது. உனக்கு அடுத்த மாதம் உடல் பரிசோதனை இருக்கிறது என்று சொன்னாயே, அதனால்தான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

அந்தக் கட்டத்தைப் படிக்கும்போது முதல் வரியில் கண்ணை நிறுத்து. ஒரு வேளைக்கான அளவு எத்தனை மாத்திரை என்று அங்கேதான் இருக்கும். கீழேயுள்ள எண்கள் எல்லாம் அதற்குரியவை. இரண்டு மாத்திரைக்கான கணக்கை ஒன்றுக்கு என்று எடுத்துக்கொள்வோர் ஏராளம். அடுத்து, சேர்மத்தின் எடை வேறு, அதிலுள்ள சத்தின் எடை வேறு. கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம் இருந்தால் அதில் கால்சியம் 500 மில்லிகிராம்தான். முன்பக்கத்தில் எதை வேண்டுமானாலும் பெரிதாகப் போட்டிருக்கலாம், கட்டத்தில் இருக்க வேண்டியது இரண்டாவது எண்.

மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் இடையே ஆயிரம் மடங்கு என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தொழிற்சாலைக்குள்ளேயே அளவு தவறினால் மேலட்டை எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. 2008இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்துப் பானத்தில், ஒரு வேளைக்கு 200 மைக்ரோகிராம் செலினியம் என்ற தாதுச்சத்து இருக்க வேண்டிய இடத்தில் 40,800 மைக்ரோகிராம் இருந்தது. பத்து மாநிலங்களில் 201 பேர் பாதிக்கப்பட்டனர். வயிற்றுப்போக்கும் மூட்டுவலியும் வந்தன, நகங்கள் உருக்குலைந்தன, முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. சத்துக்காகக் குடித்தவர்கள்!

உறக்கத்துக்கு நீ வைத்திருக்கும் மெலடோனின், மிட்டாய் வடிவில் மென்று தின்பது. பிரிட்டனில் இது மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காத மருந்து, உனக்கோ மிட்டாய். 2023இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்த ஒரு சோதனையில், இத்தகைய 25 தயாரிப்புகளை அளந்து பார்த்தபோது 22இல் உள்ளடக்கம் மேலட்டையோடு ஒத்துப்போகவில்லை. மெலடோனின் இருந்தவற்றில் சொன்ன அளவில் 74 விழுக்காடு முதல் 347 விழுக்காடு வரை இருந்தது. ஒன்றில் மெலடோனினே இல்லை. கூடுதலாக இருப்பதற்கு ஒரு காரணம் எங்களைப் போன்றோருக்குத் தெரியும். இத்தகைய பொருள்கள் அலமாரியில் இருக்கும்போதே மெல்லச் சிதைவதால், கடைசி நாளிலும் சொன்ன அளவு குறையக் கூடாது என்று தயாரிக்கும்போதே சற்று மிகுதியாகப் போடுவது வழக்கம். ஆனால் மூன்றரை மடங்கு என்பது அந்தக் கணக்கில் அடங்காது. காலாவதித் தேதியை அச்சிட வேண்டும் என்று எஃப்.டி.ஏ. கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் தெரிந்துகொள். உன் மிட்டாய்ப் புட்டியில் நான் தேடியும் அது கிடைக்கவில்லை.

மூன்றாவது புட்டிதான் எனக்கு உறுத்துகிறது. உடற்பயிற்சிக்கு முன் சாப்பிடும் அந்தக் கலவையில் அசுவகந்தா, பச்சைத் தேயிலைச் சாறு, இன்னும் ஏழெட்டுப் பெயர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எடை. நிறுவனத்தின் தனிக்கலவை என்று பெயரிட்டுவிட்டால் மொத்த எடையைச் சொன்னால் போதும், ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை என்று சட்டமே இடம் கொடுக்கிறது. எடை மிகுந்தது முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசை ஒன்றுதான் நமக்குக் கிடைக்கும் துப்பு. ஆகவே கடைசியில் இருக்கும் புகழ்பெற்ற மூலிகை பெயருக்கு ஒரு துளி தூவப்பட்டிருக்கலாம். முதலில் இருக்கும் ஊக்கப்பொருள் அளவுக்கு மீறியும் இருக்கலாம். இரண்டையும் அறிய வழியில்லை. அளவு தெரியாத ஒன்றை மருத்துவரிடம் எப்படிச் சொல்வாய்?

அசுவகந்தா நாம் காலங்காலமாக அறிந்த மூலிகைதானே என்று நீ சொல்லக்கூடும். வேரைப் பொடித்து உண்பதும், அதன் சாரத்தைச் செறிவாக்கிக் கேப்சூலில் அடைப்பதும் ஒன்றல்ல. அசுவகந்தா, பச்சைத் தேயிலைச் செறிசாறு ஆகிய இரண்டும் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததாக மருத்துவப் பதிவுகள் உள்ளன. டென்மார்க் 2023இல் அசுவகந்தாவைத் தடைசெய்தது. இயற்கையானது என்ற சொல்லுக்கு என் கூடத்தில் மதிப்பெண் கொடுத்ததே இல்லை. தெற்காசியாவில் தயாராகி பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்கப்பட்ட 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அவையும் இயற்கையில் கிடைப்பவைதாம்.

எடைக் குறைப்பு, தசை வளர்ச்சி, ஆண்மை ஆகிய மூன்றில் எதற்கேனும் வாக்குறுதி தரும் புட்டிகளை நெருங்கவே நெருங்காதே. 2007 முதல் 2016 வரை எஃப்.டி.ஏ. எச்சரித்தவற்றைத் தொகுத்தபோது, மேலட்டையில் சொல்லாத மருந்து கலந்திருந்த 776 தயாரிப்புகள் கணக்கில் வந்தன. அவற்றில் ஆகப் பெரும்பான்மை இந்த மூன்று வகைகளே. இதயத்துக்கு ஆகாது என்று சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற எடைக் குறைப்பு மருந்து, மூலிகை என்ற பெயரில் மறுபடியும் புட்டிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எலும்பின் வலிமைக்குத் துணை செய்கிறது என்று எழுதலாம். எலும்புத் தேய்வைக் குணப்படுத்துகிறது என்று எழுதக் கூடாது. முன்னதை எழுதினால், இக்கூற்றை எஃப்.டி.ஏ. மதிப்பிடவில்லை, எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ இது உரியதன்று என்ற வாசகத்தையும் சேர்க்க வேண்டும். உன் மூன்று புட்டிகளிலும் அது இருக்கிறது, எறும்பு அளவு எழுத்தில்.

அப்படியானால் எதை நம்புவது என்று கேட்பாய். வெளியார் ஒருவர் சோதித்தாரா என்று பார். 1820இல் தொடங்கிய யு.எஸ்.பி. என்ற தர அமைப்பின் சரிபார்ப்பு முத்திரை இருந்தால், சொன்ன பொருள் சொன்ன அளவில் இருக்கிறது, மாசுகள் வரம்புக்குள் உள்ளன, மாத்திரை வயிற்றில் கரையும் என்ற மூன்றையும் நம்பலாம். விளையாட்டு வீரர்களுக்கென என்.எஸ்.எஃப். என்ற சான்றளிப்பு அமைப்பு தரும் சான்று, தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்துகளையும் தேடிப் பார்க்கிறது. இந்த முத்திரைகள் எவையும் அந்தப் பொருளால் உனக்குப் பயன் உண்டு என்று சொல்வதில்லை. அந்தக் கேள்வி தனி. எஃப்.டி.ஏ.வில் பதிவுபெற்ற தொழிற்சாலை என்ற வரியைக் கண்டு மட்டும் மயங்காதே. அந்நாட்டுக்கு உணவு தயாரிக்கும் தொழிற்சாலைகள் பொதுவாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். அது தரச் சான்று அன்று.

கரைவது பெரிய விஷயமா என்று நினைக்காதே. எங்கள் கூடத்தில் அதற்கென்று ஒரு கருவி: அடியில் கம்பிவலை கட்டிய ஆறு கண்ணாடிக் குழாய்கள், குழாய்க்கு ஒரு மாத்திரையாக, 37 டிகிரி வெந்நீரில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நல்ல மாத்திரை முதலில் ஓரம் நைந்து, பிறகு பிளந்து, வலை வழியாகப் பொடியாக இறங்கிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க வெளியிலிருந்து வாங்கிய ஒரு கால்சியம் மாத்திரை, நேரம் முடிந்து குழாயைத் தூக்கியபோதும் போட்டபடியே பளபளவென்று இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மேலட்டையில் எழுதியிருந்த அளவு அதற்குள் துல்லியமாகத்தான் இருந்தது. ஆனால் உண்டவர் உடலுக்கு அதில் ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது.

ஆகவே என் தீர்ப்பு இது. கலவைப் புட்டியை இன்றே நிறுத்திவிடு. மெலடோனின் உனக்கு உண்மையிலேயே தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்; தேவை என்றால் முத்திரையுள்ள மாத்திரையாக வாங்கு, மிட்டாய் வேண்டாம். பயோட்டினை எத்தனை நாள் முன்பாக நிறுத்த வேண்டும் என்று பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போதே கேள். பெயரை மட்டும் சொல்லாமல் 5,000 மைக்ரோகிராம் என்று அளவையும் சொல். முடி கொட்டுவதற்கு இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்க்கச் சொல்வதே முதல் வேலை. கலவையைச் சாப்பிட்ட நாள்களில் படபடப்பு இருந்தது என்று போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அதை மருத்துவரிடம் மறைக்காதே, எஃப்.டி.ஏ.வின் இணையதளத்தில் நீயே நேரடியாகவும் புகார் பதிவு செய்யலாம். அதற்கு, எந்தத் தொகுதியில் தயாரானது என்பதைக் காட்டும் லாட் எண் வேண்டும், புட்டியின் அடியில் மங்கலாக அச்சிட்டிருப்பார்கள். அதைப் படமெடுத்து எனக்கும் அனுப்பு. அந்த லாட்டுக்கான பகுப்பாய்வுச் சான்றைக் கேட்டு நிறுவனத்துக்கு நானே எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா