கார்புரேட்டரைக் கழற்றும் முன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது. மற்றச் செய்திகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இன்று நான் அவசரமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் புதிதாக வாங்கப்போவதாகவும், அதுவரை வேக ஓட்டத்துக்குப் பெட்ரோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி ஓட்டப்போவதாகவும் நீ கடைசியில் எழுதியிருந்த இரண்டு வரிகள்தான். இரண்டையும் செய்யாதே. எதையும் முதலில் கழற்றிவிட்டுப் பிறகு யோசிப்பவன் நீ என்று உன் அக்கா சொல்வதை நான் மறக்கவில்லை. ஆகவே இதைப் படித்து முடிக்கும்வரை ஸ்பேனரைத் தொடாதே.

உன் வண்டிக்கு வந்திருக்கும் அதே நோய் என் வண்டிக்கும் வந்தது. என்ஜின் சூடான பிறகு ஐட்லிங், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது என்ஜின் மெதுவாக ஓடுவது, நிலைக்காது. சிக்னலில் நின்றால் நடுங்கி அணைந்துவிடும். சோக்கைச் சற்று இழுத்துவிட்டால் சீராகும். வேகமெடுத்து ஓடும்போது குறையே தெரியாது. நான் கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துக் கழுவி, ஜெட்டுகளை ஊதி, மிதவையின் ஊசியையும் மாற்றினேன். பலனில்லை. ஐட்லிங்கின் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் என்ஜினின் ஓசையில் மாற்றமே இல்லாமல் போனபோதுதான், சோக் சொல்லிக்கொண்டிருந்த செய்தி எனக்குப் புரிந்தது. சோக் செய்வது காற்றைக் குறைத்துப் பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டுவது. அதனால் என்ஜின் சீராகிறது என்றால், கார்புரேட்டரின் கணக்கில் வராத காற்று வேறு எங்கிருந்தோ உள்ளே நுழைந்துகொண்டிருக்கிறது.

ஐட்லிங்கில், காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருப்பதால், பிஸ்டன்களின் இழுப்பில், கலவையை என்ஜினுக்குள் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டுக்குள் பலமான வேக்குவம் (வெற்றிடம்) உண்டாகிறது. அந்த நேரத்தில் உள்ளே போகும் காற்றே மிகச் சொற்பம் என்பதால், குழாயில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் அதன் வழியே வரும் காற்று கலவையை மெலிதாக்கிவிடும். த்ராட்டில் திறந்ததும் வேக்குவம் இறங்கி, கார்புரேட்டர் வழியே செல்லும் காற்று பல மடங்காகப் பெருகுவதால், அதே வெடிப்பு ஒரு பொருட்டாக இருப்பதில்லை. நீ மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினாலும் ஐட்லிங் நோய் அப்படியேதான் இருக்கும். வேகத்தில் மட்டும் பெட்ரோல் வீணாகி, பிளக்குகளில் கரி படியும்.

வேக்குவத்தை அளக்கும் கேஜ் ஒன்றை மேனிஃபோல்டில் பொருத்திப் பார்த்தேன். நல்ல நிலையில் உள்ள என்ஜின், கடல்மட்டத்தில், ஐட்லிங்கில் 17 முதல் 22 அங்குலப் பாதரசம் வரை காட்ட வேண்டும். உயரம் ஏறும்போது ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 1 அங்குலம் குறையும். என் கேஜின் முள் 14இல் அசையாமல் நின்றது. அசையாமல் குறைவாக நின்றால் காற்றுக் கசிவு இருக்கலாம், இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கலாம். சீரான இடைவெளியில் முள் துள்ளி இறங்கினால் ஏதோ ஒரு வால்வில் குறை. மெதுவாக முன்னும் பின்னும் மிதந்தால் மட்டுமே கார்புரேட்டரின் கலவையைச் சந்தேகிக்கலாம். டைமிங் சரியாக இருந்ததால், கசிவைத் தேடத் தொடங்கினேன்.

முன்பொருநாள் ஒரு பெரியவர் ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு என்ஜினைச் சுற்றி வந்ததைப் பார்த்து நாம் இருவரும் ஒளிந்து நின்று சிரித்தோமே, அதையே நானும் செய்தேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும், பொறியின் நேரத்தை வேக்குவத்தால் முன்தள்ளும் அட்வான்ஸ் குழாயின் முனையில் சீறல் தெளிவாகக் கேட்டது. ரப்பர் இறுகி வெடித்திருந்த அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி செருகியதும் முள் 15க்கு ஏறியது. என் வண்டியில் அந்தக் குழாய் மேனிஃபோல்டிலிருந்தே வருகிறது. உன் வண்டியில் அது த்ராட்டில் தகட்டுக்கு மேலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், ஐட்லிங்கில் அதில் வேக்குவம் இருக்காது. அதைக் குறையென்று எண்ணிவிடாதே.

அடுத்ததுதான் நான் உனக்குச் சொல்லியே ஆகவேண்டியது. மேனிஃபோல்டின் வேக்குவத்தைக் கொண்டு பெடலை மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை இடுக்கியால் நெரித்தேன். முள் 17க்குத் தாவியது. பிடியை விட்டுவிட்டுப் பெடலை மிதித்தபோது என்ஜின் தடுமாறியது, காலடியில் காற்று சீறியது. பூஸ்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர்ச் சவ்வு கிழிந்திருந்தது. பல வாரங்களாகப் பெடல் கடினமாக இருந்ததற்குப் பிரேக் லைனிங்தான் காரணம் என்று நான் நம்பி, அந்த வண்டியில்தான் குழந்தைகளைத் தினமும் பள்ளிக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உன் கடிதத்தில் பெடலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால், நீ அதைக் கவனித்தாயா என்ற கவலை என்னை விடவில்லை. என்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே என்ஜினைக் கிளப்பு. பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால், பூஸ்டரையும் அதன் குழாயையும் பார்க்கும்வரை வண்டியை வெளியே எடுக்காதே.

பூஸ்டரை மாற்றிய பிறகும் முள் 17ஐத் தாண்டவில்லை. கார்புரேட்டரின் அடித்தளத்தில் நேர்ச்சட்டம் வைத்து இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் அளந்தேன். வளைவு ஏதும் இல்லை. நீ மூன்று முறை கழற்றி மாட்டியிருக்கிறாய் என்பதால் உன்னுடையதை அவசியம் அளந்து பார். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினாலும், அளவுக்கு மீறி இறுக்கினாலும் அந்த உலோகம் வளைந்துவிடும். என் வண்டியில் எஞ்சியிருந்த குறை த்ராட்டில் தகட்டைத் தாங்கும் தண்டின் துளைகளில் இருந்தது. தண்டைக் கையால் ஆட்டியபோது தளர்ச்சி தெரிந்தது. அதன் இரு முனைகளிலும் சிறிது எண்ணெய் விட்டதும் என்ஜின் ஒரு நிமிடம் அமைதியாக ஓடி, மீண்டும் நடுங்கியது. லேத்தில் துளைகளைப் பெரிதாக்கிப் புஷ் (துளைக்குள் செருகும் சிறு உலோக உறை) போட்ட பிறகு முள் 19இல் நிற்கிறது. கடந்த பத்து நாட்களில் வண்டி ஒருமுறைகூட அணையவில்லை. அந்த ஓசையைக் கேட்பதற்காகவே நான் காலையில் சற்று முன்னதாக எழுந்துவிடுகிறேன்.

இன்னொன்று: கசிவைக் கண்டுபிடிக்கக் கார்புரேட்டர் கிளீனரை ஓடும் என்ஜின்மேல் அடிக்கும் பழக்கம் உனக்கு உண்டு. பழைய என்ஜின்கள் பலவற்றில் கொதிக்கும் எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருப்பதால் தீப்பிடிக்கக்கூடும். அதற்குப் பதிலாக, மின்கம்பிகளின்மேல் படாதபடி இணைப்புகளில் தண்ணீரைச் சிறிதளவு தெளித்துப் பார். கசிவின்மேல் பட்டால் என்ஜினின் ஓசை மாறும்.

பெடல் சோதனையை இன்றே செய்துவிடு. பிறகு என்ஜினைச் சூடாக்கிக் கேஜைப் பொருத்தி, முள் எந்த எண்ணில் நிற்கிறது, அசையாமல் நிற்கிறதா ஆடுகிறதா, ஒவ்வொரு குழாயையும் நெரிக்கும்போது எவ்வளவு ஏறுகிறது என்று குறித்து எனக்கு அனுப்பு. என்னிடமிருந்து பதில் வரும்வரை கார்புரேட்டர் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்