பிங் குறைய வேகமான பிளான் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போனவர்கள், பழைய நண்பர்களோடு பழைய சர்வரிலேயே ஆன்லைன் கேம் ஆடுவது பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். லேக் அடித்தால் (ஆட்டம் தாமதமாகித் திணறினால்) அதிக வேக பிளானுக்கு மாறுங்கள், அப்படியும் சரியாகவில்லை என்றால் வி.பி.என். (தரவை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை) போடுங்கள் என்று அதில் இருந்தது. கோளாறு எங்கே என்று பார்க்காமல் இந்த இரண்டையும் செய்தால் பெரும்பாலும் காசுதான் கரையும். வலையமைப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை விளக்கமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஒரு ஷூட்டிங் கேம் ஆடும்போது போய்வரும் தரவு மிகக் குறைவு. விநாடிக்குச் சில நூறு கிலோபிட் போதும். 20 எம்.பி.பி.எஸ். இணைப்பே அதற்குத் தாராளம். அதை 500 ஆக்கினால் கேம் சீக்கிரம் டவுன்லோடு ஆகும். பிங், அதாவது சர்வரோடு பேச ஆகும் தாமதம், அப்படியேதான் இருக்கும். பழைய டெலிபோன் கம்பி வழியாக வரும் டி.எஸ்.எல்.லில் இருந்து ஃபைபருக்கு மாறினால் 10, 20 மில்லி விநாடி (மி.வி.) குறைவது உண்மைதான். அது கம்பி மாறியதால் வந்த லாபம். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பிங் என்பது ஒரு செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. ஓடுகிறது. போய்வரும் கணக்கில் 100 கி.மீ. தூரத்துக்கு 1 மி.வி. ஆகவே இரண்டு ஊருக்கும் இடையிலான தூரத்தை 100ஆல் வகுத்தால், எந்தக் கொம்பனாலும் அதற்குக் கீழே இறக்க முடியாத எண் கிடைத்துவிடும். லண்டனுக்கும் மும்பைக்கும் சுமார் 7,200 கி.மீ. என்பதால் இறக்க முடியாத அந்த எண், அதாவது தரை, 72 மி.வி. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. மத்தியதரைக் கடல், செங்கடல், அரபிக்கடல் என்று வளைந்து வருகிறது. நடைமுறையில் 110 முதல் 130 வரை வந்தால் அது நல்ல வழி. சிங்கப்பூர்–மும்பை சுமார் 3,900 கி.மீ.; தரை 39, நடைமுறையில் 60ஐ ஒட்டி வரும். நியூயார்க்–மும்பை சுமார் 12,500 கி.மீ.; தரை 125, நடைமுறையில் 200ஐத் தொடும். வகுத்து வந்த எண்ணைப்போல் ஒன்றரை மடங்கு, ஒன்றே முக்கால் மடங்கு வந்தால் உங்கள் தடத்தில் குறையில்லை. இரண்டரை மடங்கைத் தாண்டினால்தான் எங்கோ சுற்றிக்கொண்டு போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். வி.பி.என். வாங்கலாமா என்ற கேள்வியே அப்போதுதான் எழ வேண்டும்.

அதை எப்படி அளப்பது? வழக்கமான ஸ்பீடு டெஸ்ட் பக்கத்து ஊர் சர்வரைத் தேடிப் பிடித்து 5 மி.வி. என்று காட்டும். அதை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அந்த கேமின் பெயருக்கு எதிரே, அதிகத் தரவு போகும் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் அந்த முகவரிக்கு, தரவு எந்தெந்த ரூட்டர்கள் வழியாகப் போகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட் (tracert) ஓட்டுங்கள். வின்எம்டிஆர் என்ற இலவசச் செயலி இருந்தால் இன்னும் நல்லது. பத்து நிமிடம் ஓடவிட்டால் வழியில் உள்ள ஒவ்வொரு கட்டத்தின் (ரூட்டரின்) சராசரி நேரத்தையும், தொலைந்த பொட்டலங்களின் (தரவுத் துண்டுகளின்) அளவான இழப்பையும் சேர்த்துக் காட்டும். காலை, மாலை, இரவு என்று மூன்று நேரம் ஓட்டி ஒப்பிட வேண்டும். மாலையில் மட்டும் எகிறினால் அது நெரிசல். மூன்று நேரமும் ஒரே அளவுக்கு அதிகம் என்றால் அது தடத்தின் கோளாறு. கேம் சர்வர் பிங்குக்குப் பதில் தராவிட்டால், அதே நகரத்தில் உள்ள ஏதாவது ஒரு கிளவுட் தரவு மையத்தின் பொதுச் சோதனை முகவரியை வைத்து அளக்கலாம். டோட்டா 2, கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்ற வால்வ் நிறுவன கேம்களில் உங்கள் தரவு முதலில் அவர்களுடைய இடைநிலை ரிலே ஒன்றுக்குப் போகும். அங்கே தெரியும் முகவரி ரிலேயுடையது என்பதால், கேமுக்குள் காட்டும் பிங்கையே நம்புங்கள்.

இந்த அறிக்கையைப் படிப்பதில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நடுவில் ஏழாவது கட்டத்தில் 60 சதவீத இழப்பு என்று சிவப்பாகத் தெரியும். உடனே அந்த நிறுவனத்தின் மேல் பழியைப் போடுவார்கள். அதற்கு அடுத்த கட்டங்களிலும் கடைசி வரியிலும் இழப்பு பூஜ்யம் என்றால் ஏழாவது கட்டத்தில் ஒரு கோளாறும் இல்லை. பெரிய ரூட்டர்கள் தங்களைக் கடந்துபோகும் தரவை அனுப்புவதில்தான் முழுக் கவனமாக இருக்கும். தங்களிடமே கேட்கப்படும் பிங்குக்கு முடிந்தால்தான் பதில் சொல்லும். ஒரு கட்டத்தில் தொடங்கும் இழப்பு கடைசி வரி வரைக்கும் தொடர்ந்தால்தான் அது நிஜம். ரூட்டர்களின் பெயர்களையும் பாருங்கள். அவற்றில் விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறி பெரும்பாலும் இருக்கும். ஐரோப்பாவில் இருந்து ஆசியாவுக்குப் போகும் தடத்தில் லாஸ் ஏஞ்சலஸின் குறி தென்பட்டால், உலகத்தை மறுபக்கமாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். இணைய நிறுவனங்கள் ஒன்றோடொன்று எங்கே கைகோத்திருக்கின்றனவோ அந்த வழியாகத்தான் தரவு போகும். கிட்டமா தூரமா என்று அவை பார்ப்பதில்லை.

அப்படிச் சுற்றினால் முதல் வேலை, அறிக்கையை நேரம் குறித்து, சர்வர் முகவரியோடு இணைய நிறுவனத்துக்கு அனுப்புவது. "லேக் அடிக்கிறது" என்று எழுதினால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். "இந்த முகவரிக்குப் போகும் தடம் இந்த ஊர் வழியாகச் சுற்றுகிறது, வலையமைப்புப் பிரிவுக்கு அனுப்பவும்" என்று எழுதினால்தான் உரிய ஆளின் கைக்குப் போகும். அதுவும் நடக்கவில்லை என்றால் வி.பி.என்.னை ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கிச் சோதியுங்கள். வெளியேறும் இடம் கேம் சர்வர் இருக்கும் நகரமாகவோ அதற்குப் பக்கத்திலோ இருக்க வேண்டும். அப்போதுதான் நெடுந்தூரப் பயணம் வி.பி.என். நிறுவனத்தின் தடத்தில் நடக்கும். வயர்கார்டு போல, தொலைந்த பொட்டலத்துக்காகக் காத்திராத யு.டி.பி.யில் ஓடும் வி.பி.என். முறையைத் தேர்ந்தெடுங்கள். டி.சி.பி. முறையில் ஒரு பொட்டலம் தொலைந்தாலும் அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வருவதெல்லாம் காத்துக் கிடக்கும். கேம் மட்டும் அந்த வழியாகப் போகும்படி பிரித்துவிடுங்கள். அந்த கேமின் விதிகளையும், நீங்கள் இருக்கும் நாட்டில் வி.பி.என். பற்றி உள்ள சட்டத்தையும் வாங்குவதற்கு முன்பே படித்துவிடுவது அவசியம்.

நேற்றுவரை 120, இன்று 230 என்று ஒரேயடியாகத் தாவினால் கடலடிக் கேபிள் செய்தியைத் தேடிப் பாருங்கள். 2024 பிப்ரவரியிலும் 2025 செப்டம்பரிலும் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது ஆசியா–ஐரோப்பா தரவு வேறு வழிகளில் திருப்பிவிடப்பட்டது. கப்பல் போய்ச் சரிசெய்யப் பல வாரங்கள் ஆகும். வீட்டில் எதை மாற்றினாலும் அதுவரை பெரிதாகப் பயன் இராது.

தூரம் கையில் இல்லை. வீட்டுக்குள் இருப்பது கையில் இருக்கிறது. தங்கள் குறிப்பில் ஒரு வரிகூட வராத விஷயம் இதுதான். ஆட்டத்துக்கு நடுவே வீட்டில் ஒருவருடைய போன் வீடியோக்களை கிளவுடில் ஏற்றத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டரில் வெளியே போகும் வரிசை நிரம்பிவிடுகிறது. உங்கள் கேமின் சின்னப் பொட்டலம் அந்த வீடியோவின் ஆயிரக்கணக்கான பொட்டலங்களுக்குப் பின்னால் போய் நிற்கிறது. பிங் 120இல் இருந்து 400க்குப் போகிறது. அப்லோடு முடிந்ததும் தானாக இறங்குகிறது. சர்வர்தான் மோசம் என்று நினைத்துக்கொள்கிறோம். சோதிப்பது எளிது: ஒரு திரையில் தொடர்ந்து பிங் ஓடட்டும், இன்னொரு கருவியில் பெரிய கோப்பு ஒன்றை அப்லோடு செய்யுங்கள். பிங் வழக்கத்தைவிட 30 மி.வி.க்கு மேல் கூடினால் நோய் இதுதான். இந்த வரிசை நிரம்பாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்.கியூ.எம். (SQM) வசதி உள்ள ரூட்டரில் கேக் (cake) அல்லது எஃப்.கியூ. கோடல் (fq_codel) முறையைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் அளந்த டவுன்லோடு, அப்லோடு வேகங்களில் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். உதாரணமாக 20 எம்.பி.பி.எஸ். அப்லோடு என்றால் 18. முழு வேகத்தையே கொடுத்தால் வரிசை உங்கள் ரூட்டரில் சேராமல் நிறுவனத்தின் பெட்டியில் சேரும். அமைப்பு வேலை செய்யாது. இதைச் செய்துவிட்டு, 'வேலையே செய்யவில்லை' என்பவர்களில் பலர் சறுக்கும் இடம் இதுதான்.

வைஃபைக்குப் பதில் லேன் கேபிள் போடுங்கள், கேட் 5இ (Cat 5e) வகை போதும். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸில் மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அக்கம்பக்கத்து ரூட்டர்களும் குறுக்கிடும். நிலையாக 130 இருக்கும் இணைப்பில் கை பழகிவிடும். 90க்கும் 180க்கும் இடையே குதிக்கும் இணைப்பில் பழகவே முடியாது. கவுன்டர் ஸ்டிரைக் 2 அமைப்புகளில் பொட்டல இழப்பைச் சமாளிக்க ஒன்று அல்லது இரண்டு பொட்டலங்களைத் தேக்கிவைக்கும் வசதி உண்டு. விநாடிக்கு 64 முறை புதுப்பிக்கும் சர்வரில் ஒரு பொட்டலம் என்பது சுமார் 16 மி.வி. கூடுதல் தாமதம். குதிப்பு இருந்தால் அந்த விலை கொடுக்கத் தகும், இல்லாவிட்டால் வேண்டாம்.

130 மி.வி.யில் சதுரங்கமும் சீட்டாட்டமும் கச்சிதமாக ஆடலாம். மைன்கிராஃப்ட் சர்வர் விநாடிக்கு 20 முறைதான் கணக்கிடுகிறது, அதாவது 50 மி.வி.க்கு ஒருமுறை, அதிலும் பெரிய சிரமம் தெரியாது. வாலரண்ட் சர்வர் விநாடிக்கு 128 முறை கணக்கிடுகிறது. சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் குண்டு படுவது போன்ற சங்கடம் அங்கேதான் அதிகம் உறுத்தும். எதிராளி சுட்ட நேரத்தில் அவர் திரையில் நீங்கள் எங்கே தெரிந்தீர்கள் என்று சர்வர் பின்னோக்கிப் பார்த்துத் தீர்ப்பு சொல்வதால் வரும் விளைவு அது. அதற்காக யார்மேலும் கோபப்பட வேண்டியதில்லை.

நண்பர்கள் சிதறி இருந்தால் நடுவில் இருக்கும் சர்வரைப் பிடியுங்கள். ஒருவர் லண்டன், ஒருவர் சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூர் சர்வரில் ஒருவருக்கு 5, மற்றவருக்கு 165. மும்பையில் ஆடினால் 60, 115. இருவருக்குமே ஆட்டம் ஆட்டமாக இருக்கும். சொந்தமாக சர்வர் போடுபவர்கள் வாடகை சர்வரையே அந்த நடு நகரத்தில் எடுங்கள். வீட்டிலேயே போட நினைத்தால் ரூட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64க்கும் 100.127க்கும் இடைப்பட்ட எண்ணில் தொடங்கினால் நீங்கள் பல வீடுகளோடு ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். ரூட்டரில் போர்ட் (வெளி இணைப்புகள் உள்ளே வரும் வாசல்) திறந்துவிட்டாலும் வெளியில் இருந்து யாரும் உள்ளே வர முடியாது. தனிப் பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும்.

கேம் கணக்கு (அக்கவுன்ட்) விஷயத்தில் தவறினால் திருத்துவது கடினம். வாலரண்டில் கணக்கு ஒரு மண்டலத்தோடு கட்டப்பட்டது. வேறு மண்டலக் கணக்கோடு பார்ட்டி (ஒரே குழு) சேர முடியாது. கென்ஷின் இம்பாக்டில் ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனி முன்னேற்றம், ஒன்றில் சேர்த்ததை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. அதன் ஆசிய சர்வர் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே அதிகாலை 4 மணிக்கு நடக்கும் தினசரிப் புதுப்பிப்பு லண்டனில் குளிர்கால இரவு 8 மணிக்கே வந்துவிடும். பிளேஸ்டேஷன் கணக்கின் நாட்டைப் பிறகு மாற்றவே முடியாது. ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் மாற்றலாம், ஆனால் புதிய நாட்டில் இருந்துகொண்டு, அந்த நாட்டுக் கட்டண முறையில் ஒன்றை வாங்க வேண்டும். விலை குறைவான நாட்டில் இருப்பதுபோல் வி.பி.என்.னால் காட்டிக்கொள்வது அவர்கள் விதிக்கு எதிரானது, கணக்கே முடங்கலாம்.

விமானம் ஏறுவதற்கு முன் ஒன்றைத் தவறாமல் செய்யச் சொல்லி வாசகர்களுக்குத் தெரிவியுங்கள். உள்நுழைவுக் குறியீடு பழைய சிம்முக்கு வரும்படி வைத்திருந்தால், குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலி உள்ள கேம்களில் அதற்கு மாறிக்கொள்ள வேண்டும். ஸ்டீமுக்கு அதன் சொந்த மொபைல் செயலி இருக்கிறது. காப்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்கின் மின்னஞ்சலுக்கும் இதையே செய்ய வேண்டும். அதன் மீட்பு எண்ணும் பெரும்பாலும் அந்தப் பழைய சிம்தான்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பொறியாளரான ஒரு வாசகர்