ஆண்டறிக்கை: முதிய உறுப்பினர்களுக்கான மனக்கவனப் பயிற்சி

பேரன்புடையீர், வணக்கம். நமது பார்க்கின்சன் ஆதரவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்களும் ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் நாள் நிகழ்ச்சியும் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு இவ்வாண்டு அதிகம் உழைத்தது மனக்கவனப் பயிற்சி (mindfulness: இந்த நொடியில் உடலிலும் மனத்திலும் நடப்பதை மாற்ற முயலாமல் கவனிப்பது) வகுப்புக்காக. இந்நோயில் வரும் மனச்சோர்வையும் பதற்றத்தையும் 'வயசானா அப்படித்தான்' என்று தள்ளிவிடக் கூடாது. அவை நோயின் ஒரு பகுதி. கை நடுங்கத் தொடங்கும் முன்பே வருவதும் உண்டு. ஹாங்காங்கில் 138 நோயாளிகளிடம் எட்டு வாரம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், மனக்கவனத்தோடு யோகா செய்தவர்களுக்கு, நீட்சி, தசைவலுப் பயிற்சி செய்தவர்களைவிடப் பதற்றமும் மனச்சோர்வும் நன்றாகக் குறைந்தன. அசைவுத்திறனில் இரு சாராரும் ஏறத்தாழ சமம்.

பார்க்கின்சனுக்குத் தரப்படும் முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரையைப் போட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்தே வகுப்பில் உட்கார வேண்டும். மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில் பலருக்குப் பதற்றம் தானாகவே ஏறும். தினமும் அதே நேரத்தில் அப்படி வந்தால் குறித்து வைத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை நேரத்தை மாற்றினாலே சரியாகக்கூடும்.

தரையில் உட்காருவது வேண்டாம். கைப்பிடி உள்ள நாற்காலி, தரையில் முழுதாகப் பதிந்த பாதம், பாதி திறந்த கண், பத்து நிமிடம். கண்ணை மூடினால் சிலர் தூங்கிவிடுகிறார்கள். மூச்சை எண்ணச் சொல்வது பல இடங்களில் வழக்கம். நாம் அதைச் சேர்க்கவில்லை. மனக்கணக்குப் போடும்போது நடுக்கம் கூடும் என்பதே காரணம். நெஞ்சுத் தசை இறுகியவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதே மூச்சுமுட்டுவது போன்ற பயத்தைத் தரலாம். அவர்கள் பாதத்தைக் கவனித்தால் போதும். பயிற்சியாளர் சொல்வது இவ்வளவே: "கை ஆடுதா? ஆடட்டும். பிடிச்சு நிறுத்தாதீங்க. பாதம் தரையில படுறத மட்டும் பாருங்க."

மெதுநடைத் தியானத்தையும் தவிர்த்தோம். திரும்பும் இடத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நகராமல் நின்று விழ வாய்ப்புண்டு. முடிந்ததும் சட்டென எழக் கூடாது. ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கணுக்காலைச் சில முறை ஆட்டி, நாற்காலி விளிம்புக்கு வந்து, ஒரு நிமிடம் கழித்து எழவும்.

இல்லாத உருவம் தெரிபவர்களும் உயிர்மேல் வெறுப்பு வந்தவர்களும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பேணுவோரும் பக்கத்தில் உட்கார்ந்து பயில்வது மிக அவசியம். அவர்கள் களைப்பும் சிறிதல்ல.

பேணுவோருக்குத் தனி அமர்வு தொடங்கவும், படிக்கட்டு இல்லாத கூடத்துக்கு வகுப்பை மாற்றவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இவண்,
செயலாளர்