மீட்டவரும் அவர்தான், மூழ்கடித்தவரும் அவர்தான்

ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் யு-156-இன் தளபதியாக இருந்த வெர்னர் ஹார்டென்ஸ்டைன் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1942 செப்டம்பர் 12 அன்று லகோனியா என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தபின், தத்தளித்தவர்களை அவரே மேலே ஏற்றியதும், மீட்க வரும் கப்பலைத் தாக்கமாட்டேன் என்று சங்கேதமே இல்லாமல் ஆங்கிலத்தில் வானொலியில் அறிவித்ததும் உண்மைதான். சரி, அதற்காக அவரைக் கருணையின் வடிவமாகவே ஆக்கிவிடுவதா? அதே ஆண்டு பிப்ரவரியில் கரீபியன் கடலில் உள்ள அரூபா தீவில், துறைமுகத்தில் நின்ற எண்ணெய்க் கப்பல்கள் மீது டார்பிடோ விட்டவரும் இவர்தான். லகோனியாவில் இருந்த சுமார் 1,800 இத்தாலியப் போர்க்கைதிகளில் பெரும்பாலோர் பிழைக்கவே இல்லை. நான் வணிகக் கப்பலில் என்ஜின் பிரிவில் வேலை பார்த்தவன். கடல் அமைதியாக இருக்கும் பகலில், முன்கூட்டியே சொல்லி நடத்தும் பயிற்சியிலேயே உயிர்காப்புப் படகை இறக்குவதற்குள் எங்களுக்கு வியர்த்துவிடும், இருட்டில் சாய்ந்துகொண்டிருக்கும் கப்பலில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம், மீட்டவர்களோடு நின்ற யு-156 செஞ்சிலுவைக் கொடி விரித்திருந்தும் அதன்மீது அமெரிக்க விமானம் குண்டு வீசியதையும், அதையடுத்து இனி யாரையும் மீட்கக் கூடாது என்று ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் அட்மிரல் டோனிட்ஸ் உத்தரவிட்டதையும் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போகிறது. போருக்குப்பின் நடந்த நூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணை வரை போன விஷயம் அது. அந்த உத்தரவைப் பற்றி மட்டும் இன்னொரு கட்டுரை, ஒரு வரைபடத்தோடு, வெளியிடுங்கள்.

ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்,
தூத்துக்குடி