யாகசாலையில் கணக்கும் நடக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிக்குள் யாகசாலை கூடுமா, கூடாதா என்று உங்கள் இதழில் வரும் கடிதங்களைப் படித்து வருகிறேன். டெல்லி ஹன்ஸ்ராஜ் கல்லூரியைப் பலரும் வம்புக்கு இழுக்கிறார்கள். 1948-இல் தொடங்கிய அது டி.ஏ.வி. (தயானந்த் ஆங்கிலோ வேதிக்) நிர்வாகத்தின் கல்லூரி, ஆரிய சமாஜ வழி. அங்கே ஹோமம் வளர்ப்பது நேற்று முளைத்த வழக்கம் அல்ல. வேதம் ஓதும் உரிமை பெண்களுக்கும் எல்லாச் சாதியாருக்கும் உண்டு என்று ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதி 19-ஆம் நூற்றாண்டிலேயே சொன்ன மரபு அது. (நம் ஊர் வேதபாடசாலைகள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை, சரி, அது வேறு கதை.) 2022-இல் அந்த வளாகத்தில் பசு வளர்ப்பு, ஆராய்ச்சி மையம் வந்தபோது மாணவர்கள் எதிர்த்தது, மாணவியர் விடுதிக்கு ஒதுக்கிய இடம் போகிறது என்றுதான். நியாயமான கோபம்.

என் கேள்வி வேறு. சமித்துக் குச்சியும் நெய்யும் தீயில் போட்டு, படம் பிடித்து, பிரசாதம் கொடுத்த பிறகு, அங்கே என்ன படிக்கிறார்கள்?

படிக்க எவ்வளவோ இருக்கிறது. வேள்விக்கு மூன்று தீமேடைகள்: கார்ஹபத்தியம் வட்டம், ஆகவனீயம் சதுரம், தட்சிணாக்னி அரைவட்டம். மூன்றுக்கும் பரப்பளவு ஒன்றாக இருக்க வேண்டும். கயிற்றையும் முளைக்குச்சியையும் வைத்துக்கொண்டு இதை எப்படிச் சாதிப்பது? இந்தச் சிக்கலைத்தான் வேள்விமேடை அளக்கும் விதிகளைச் சொல்லும் பழைய நூல்களான சுல்ப சூத்திரங்கள் அலசுகின்றன. செவ்வகத்தின் மூலைவிட்டம் பற்றிய விதியை, அவற்றில் ஒன்றை எழுதிய பௌதாயனர் அங்கேதான் சொல்கிறார். 2-இன் வர்க்கமூலத்துக்கு அவர் தரும் மதிப்பு ஐந்து தசம இடம் வரை சரியாக வருகிறது. பருந்து வடிவ வேள்விமேடை என்றால் ஐந்து அடுக்கு, அடுக்குக்கு 200 செங்கல். 1975-இல் கேரளத்தின் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் அப்படி ஒரு மேடை கட்டி அதிராத்திரம் என்னும் பெரிய வேள்வியை நடத்தினார்கள். அறிஞர்கள் கூடவே இருந்து பதிவு செய்தார்கள். கணக்குத் துறையும் சமஸ்கிருதத் துறையும் சேர்ந்து இதை ஒரு பருவம் முழுக்கப் பாடமாக நடத்தலாம். நாத்திகப் பிள்ளைகூட ஆர்வமாக வந்து உட்காருவான்.

அப்புறம் ஒன்று. அரசு உதவி பெறும் கல்லூரியில் யாரையும் அவர் சம்மதமின்றி வழிபாட்டில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. ஹோமத்தன்று வருகைப்பதிவு எடுப்பது, வராதவரைத் துறைத்தலைவர் கூப்பிட்டு விசாரிப்பது இதெல்லாம் இருந்தால் சம்மதம் என்பது பேச்சளவில்தான். யாகசாலை கட்டும் கல்லூரிகள் முதலில் இதை எழுத்தில் அறிவிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்